சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது ஆலை

வீட்டில் உளுந்து உடைக்கும் திரிகையை ஒருமுறையாவது கையால் சுற்றியவர்களுக்கு, ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்கல் அசையாது. அதன் நடுவில் ஒரு முளை. மேல்கல் அந்த முளையில் உட்கார்ந்து சுற்றும். மேலே உள்ள குழியில் ஒரு கை உளுந்தைப் போட்டால், அது நடுவிலிருந்து நகர்ந்து நகர்ந்து, உடைந்து, விளிம்பு வழியாகக் கொட்டும். என் பாட்டி வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். இரண்டு படி உடைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மத்தியதரைக் கடல் பக்கம் யாரோ ஒருவர், அந்தத் தோள்பட்டை இருந்த இடத்தில் ஓர் ஓடையைக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் ஆலையின் கதை அங்கே தொடங்குகிறது. மாவரைக்கும் பெண்களைப் பார்த்து, ‘சேவல் கூவினாலும் தூங்குங்கள், உங்கள் கைவேலையை இனி நீர்த்தேவதைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பொருளில் கிரேக்கக் கவிஞர் ஆன்டிபேட்டர் ஒரு சிறு பாடல் எழுதியிருக்கிறார். தண்ணீர் ஆலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. ஒரு எந்திரம் வந்தவுடன் அதைப் பற்றி முதலில் பேசியவர்களில் ஒருவர், அது யாருடைய கையை விடுவித்தது என்று யோசித்திருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஓடையைக் கல்லோடு இணைக்க இரண்டு வழிகள் உண்டு. எளிய வழியை இன்றும் இமயமலைப் பக்கம் பார்க்கலாம். உத்தராகண்டில் கராட் என்பார்கள், நேபாளத்தில் கட்டா. ஓடையின் மேலேயே ஒரு சிறு கல்வீடு. சரிவான மரக்கால்வாய் வழியாகத் தண்ணீர் வேகமாக இறங்கி, வீட்டுக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் மரச்சக்கரத்தின் தகடுகளில் அறையும். அந்தச் சக்கரத்தின் அச்சு நேராக மேலே ஏறி, அடிக்கல்லைத் துளைத்துக்கொண்டு போய், மேல்கல்லைச் சுற்றும். பல்சக்கரமே கிடையாது. சக்கரம் ஒரு சுற்று, கல் ஒரு சுற்று. மேலே தொங்கும் கூடையிலிருந்து ஒரு குச்சி நீண்டு, சுற்றும் கல்லின் மேல் உரசித் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலில்தான் கூடையிலிருந்து கோதுமை கொஞ்சம் கொஞ்சமாக விழும். தண்ணீர் குறைந்து கல் மெதுவாகச் சுற்றினால் துள்ளல் குறையும், தானியமும் குறைவாக விழும். ஆள் நின்று பார்க்கவே வேண்டாம். கூலியாகப் பணத்துக்குப் பதில் மாவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதே அங்கே வழக்கமாக இருந்தது.

இரண்டாவது வழி, செங்குத்தாக நிற்கும் பெரிய சக்கரம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். நிற்கும் சக்கரத்தின் சுழற்சியைப் படுத்திருக்கும் கல்லுக்கு மாற்ற, செங்கோணத்தில் கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள். கொஞ்சம் யோசித்தால், பிற்காலத்து எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. சுழற்சியின் திசையை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், ஒரே சக்கரத்திலிருந்து பல கற்களை ஓட்டலாம். தெற்கு பிரான்சில் ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில் பார்பெகால் என்ற இடத்தில், மலைச்சரிவில் இரண்டு வரிசையாக 16 சக்கரங்களை ரோமானியர்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்திருந்தார்கள். மேல் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விழும் தண்ணீர் அடுத்ததைச் சுற்றும், பிறகு அதற்கடுத்ததை.

தண்ணீர் சக்கரத்தின் அடியில் ஓடித் தள்ளுவது நல்லதா, தலைக்கு மேலிருந்து விழுவது நல்லதா என்ற கேள்விக்கு அளந்து விடை சொன்னவர் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன். மாதிரிச் சக்கரங்களைச் செய்து சோதித்து 1759இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், மேலிருந்து விழும் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று காட்டினார். மேலிருந்து விழும் தண்ணீரின் எடை சக்கரத்தின் தொட்டிகளில் தங்கி அதைக் கீழே இழுக்கிறது. அடியில் ஓடும் தண்ணீரோ மோதி, சிதறி, தன் பலத்தில் பெரும்பகுதியை நுரையாக வீணடிக்கிறது.

இனி கல்லுக்கு வருவோம். ஆலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் குரல் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கல் வழவழப்பாகிவிட்டால் மாவு அரையாது, நசுங்கும். ஐரோப்பிய ஆலைகளிலும் இதே தொழில் இருந்தது. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் அரவைக்கல் கொத்தியவர்கள் உண்டு. நான்கடி அகலமுள்ள கல் ஏறத்தாழ ஒரு டன் எடை. அதைச் சங்கிலி போட்டுத் தூக்கிப் புரட்டி, எஃகு உளியால் நடுவிலிருந்து விளிம்பு வரை சாய்வான பள்ளக் கோடுகளைக் கொத்துவார்கள். இரண்டு கற்களிலும் ஒரே கோலம்தான். ஆனால் மேல்கல்லைக் கவிழ்த்து வைத்தவுடன் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கல் சுற்றும்போது ஒவ்வொரு வெட்டும் ஒரு கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். அந்தப் பள்ளங்களின் வழியாகக் காற்றும் ஓடி மாவைச் சூடேறாமல் காக்கும். கொத்தும்போது தெறிக்கும் எஃகுத் துணுக்குகள் கையின் தோலுக்குள் புதைந்து கருநீலப் புள்ளிகளாக நின்றுவிடும். புதிதாக வேலை கேட்டு வருபவரிடம் ஆலைக்காரர் முதலில் ‘கையைக் காட்டு’ என்பாராம். புள்ளிகள் இல்லையென்றால் அனுபவம் இல்லை.

வெள்ளை மாவுக்குப் பேர்போன கல், பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் பள்ளத்தாக்கில் கிடைத்தது. ஒரே பாறையாக நல்ல கல் கிடைப்பது அரிது என்பதால், துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, கடல் கடந்தும் விற்றார்கள்.

இரண்டு கற்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் தீப்பொறி. ஆலைக்குள் மிதக்கும் மாவுத்தூசியில் ஒரு பொறி விழுந்தால் கட்டடமே போய்விடும். அதனால் தானியப் பெட்டி காலியாகப் போகிறது என்று சொல்ல ஒரு மணி கட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு தோல்பட்டை தானியத்தின் கனத்தில் அமுங்கிக் கிடக்கும், அதன் மறுமுனையில் மணி. தானியம் இறங்கியதும் பட்டை தளரும், மணி தொங்கிச் சுற்றும் அச்சில் பட்டு அடிக்கும். ஆலைக்காரர் எங்கே இருந்தாலும் ஓடி வருவார். தூக்கத்தில் இருந்தால்கூட.

பல்சக்கரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய சக்கரத்துக்கு 72 பல், சின்னதற்கு 24 பல் என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே பல் அதே பல்லைத்தான் சந்திக்கும். ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தாலும் அது ஒரே எதிராளியை அரித்துக்கொண்டே இருக்கும். பழைய தச்சர்கள் ஒரு பல்லைக் கூடுதலாக வைத்து 73 ஆக்கினார்கள். இப்போது ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் ஒரு முறை சந்தித்த பிறகுதான் பழைய ஜோடிக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாவற்றுக்கும் சமமாகப் போகும். இரும்புச் சக்கரங்கள் வந்த பிறகும் ஒரு பக்கத்துப் பற்களை மரத்திலேயே வைத்தார்கள். சத்தம் குறையும், பொறி பறக்காது, எங்காவது சிக்கிக்கொண்டால் மரப்பல் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். உடைந்த பல்லை ஒரு மணி நேரத்தில் செதுக்கிப் போட்டுவிடலாம். பழைய ஆலையின் அழகு என்று எதையாவது என்னைக் காட்டச் சொன்னால், இந்த எழுபத்து மூன்றாவது பல்லைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஆலை யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிலப்பிரபுக்களுக்கோ மடங்களுக்கோ சொந்தம். குடிமக்கள் அந்த ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைவைக்குத் தானியத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வீட்டில் திரிகை வைத்திருப்பதே குற்றம் என்றானது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் 1330களில் மடத்தின் தலைவர் ஊர்க்காரர்களின் திரிகைகளைப் பறிமுதல் செய்து, மடத்தின் வரவேற்பு அறைத் தரையில் பாவிவிட்டார். தங்கள் திரிகைமேலேயே நடந்துபோய்த்தான் ஊரார் மடத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் அந்த அவமானம் மனதிலிருந்து போகவில்லை. 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது, மக்கள் மடத்துக்குள் நுழைந்து அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு துண்டு பங்கிட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

தண்ணீர் ஓடும் நிலம் ஒருவருக்குச் சொந்தம், சரி. காற்று? 1191இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் ஒரு காற்றாலை கட்டினார். மடத்தின் தலைவர் சாம்சன் கொதித்துப்போனார். மடத்து ஆலையின் வருமானம் குறையுமே. காற்றின் பயனை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று ஹெர்பர்ட் வாதாடினார். பலிக்கவில்லை. இடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் தானே ஆலையைப் பிரித்துப்போட்டார். வந்தவர்களுக்கு இடிக்க எதுவும் மிச்சமில்லை.

ஹெர்பர்ட் கட்டியதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காற்றாலை பிறந்துவிட்டது, கிழக்கே. இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தானில் காற்று ஆலை ஓட்டுகிறது என்று பத்தாம் நூற்றாண்டு அரபுப் பயணி அல் மசூதி எழுதியிருக்கிறார். நம் ஆடிக் காற்றில் ஒரு மாதத்துக்கே அம்மி பறக்கும் என்போம். அங்கே கோடையில் வடக்கிலிருந்து நான்கு மாதம் ஓயாமல் அடிக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘120 நாள் காற்று’. ஈரானின் நஷ்டிஃபான் ஊரில் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து முப்பதுக்கு அருகில் ஆலைகள் உயர்ந்த மண்சுவர்களுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. மரப்பட்டைகள் செங்குத்தான ஒரு அச்சைச் சுற்றி, கோயில் தேர்ச் சீலை மாதிரி நிற்கும். சுவரில் விட்ட இடைவெளி காற்றை ஒரு பக்கத்துப் பட்டைகளின் மேல் மட்டும் பாயவிடும், மறுபக்கம் சுவரின் மறைவில் இருக்கும். காற்று எப்போதும் ஒரே திசை என்பதால் ஆலையைத் திருப்பும் கவலையே அங்கே இல்லை. களிமண், வைக்கோல், மரம், இவை போதும்.

வடமேற்கு ஐரோப்பாவில் காற்று அப்படி நம்பகமானதல்ல. காலையில் கடலிலிருந்து, மாலையில் காட்டிலிருந்து. அதனால் அங்கே முதலில் வந்த காற்றாலை, மொத்த வீட்டையும் ஒரே ஒரு பெருந்தூணின் மேல் தாங்கியது. கல், தானியம், ஆலைக்காரர் எல்லாம் உள்ளே இருக்க, பின்னால் நீண்ட ஒரு கம்பைத் தள்ளி முழு ஆலையையும் காற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு கோபுரம் அசையாமல் நிற்க, இறக்கைகளைத் தாங்கும் தலைப்பகுதி மட்டும் சுழலும் ஆலை வந்தது. 1745இல் எட்மண்ட் லீ, தலையின் பின்பக்கம் ஒரு குட்டி விசிறியை மாட்டினார். காற்று திசை மாறினால் அந்த விசிறி சுழன்று, பல்சக்கரம் வழியாகத் தலையைத் தானாகவே திருப்பிவிடும்.

காற்றோடு வேலை செய்வதன் கஷ்டம் ஒரு கணக்கில் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். தண்ணீர் ஆலையில் வெள்ளம் வந்தால் மதகை மூடலாம். காற்றுக்கு மதகு கிடையாது. புயல் வருவதற்கு முன்பே இறக்கைகளில் விரித்த துணிப்பாயைச் சுருட்டியாக வேண்டும். தவறினால் பிரேக் பிடித்தும் நிற்காது, பிரேக் கட்டையே உரசித் தீப்பிடிக்கும். அப்படி எரிந்துபோன ஆலைகள் ஏராளம். வேகம் கூடினால் கற்களின் இடைவெளியும் மாறும், மாவு கரகரப்பாகும். அதைச் சரிசெய்ய, இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்று விரியும் ஒரு கருவியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் காற்றாலைகளில் வைத்தார்கள். ஜேம்ஸ் வாட் 1788இல் அந்த யோசனையை எடுத்துத் தன் நீராவி எஞ்சினில் பொருத்தினார்.

காற்றை நம்பியே ஒரு நாட்டை உருவாக்கியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய காற்றாலைகளில் பல, மாவு அரைக்கவில்லை. தண்ணீர் இறைத்தன. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பீம்ஸ்டர் என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. அதைச் சுற்றி அணை எழுப்பி, காற்றாலைகளை நிறுத்தி இறைக்கத் தொடங்கினார்கள். 1610இல் புயல் அணையை உடைத்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பியது. மறுபடி தொடங்கினார்கள். 1612இல் ஏரி வறண்டது. 43 காற்றாலைகள், ஏறத்தாழ 7,000 ஹெக்டேர் விளைநிலம். ஒரு ஆலையின் துடுப்புச் சக்கரம் தண்ணீரை ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் தூக்கும். அதனால் ஒரு ஆலை இறைத்ததை அடுத்தது வாங்கி, அது இறைத்ததை மூன்றாவது வாங்கி, படிப்படியாக மேலே ஏற்றினார்கள். ஆலைகளின் வேலையைப் பார்த்துக்கொண்ட தச்சர் யான் அட்ரியான்சூன் தன் பெயரோடு லேக்வாட்டர் என்று சேர்த்துக்கொண்டார். தண்ணீர் காலி என்று அதற்குப் பொருள்.

ஆலை வகைகளும் பல. 1593இல் கார்னலிஸ் கார்னலிசூன் காற்றால் மரம் அறுக்கும் ஆலைக்குக் காப்புரிமை வாங்கினார். சுழற்சியை மேலும் கீழுமாக இழுக்கும் அசைவாக மாற்றும் வளைவு அச்சு அதன் சூட்சுமம். ஸான் ஆற்றங்கரை முழுக்க ஆலைகள் நிறைந்தன. மரம் அறுத்தன, எண்ணெய் ஆட்டின, காகிதம் செய்தன, சாயக்கல்லைப் பொடித்தன. டச்சுக் கப்பல் கட்டும் தொழில் அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு இந்தப் பலகைகள் ஒரு முக்கியக் காரணம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் பின்னால் வட ஐரோப்பாவின் காற்று இருந்திருக்கிறது.

நம் ஊரில் பஞ்சாலையை ‘மில்லு’ என்கிறோமே, அங்கே எதை அரைக்கிறார்கள்? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் அரைவை ஆலை என்றுதான் பொருள். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் நூற்பு எந்திரங்களைத் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓட்டியபோது, சக்கரத்தோடு சேர்ந்து பெயரும் நூற்பாலைக்கு ஒட்டிக்கொண்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில் பஞ்சாலை தொடங்கியதும் தாமிரபரணி அங்கே இறங்கும் வேகத்துக்காகத்தான். நம் ‘ஆலை’க்கும் இதே விதிதான். பழைய பாடல்களில் அது கரும்பு பிழியும் பொறி. இன்று முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுற்றி மின்சாரம் தருவதற்கும் காற்றாலை என்றே பெயர். ஊர்க்காரர்கள் அன்பாகக் காத்தாடி என்கிறார்கள்.

நீராவி வந்ததும் எல்லாம் மாறியது. ஹார்லம் ஏரியை 160 காற்றாலைகள் வைத்து வற்றவைக்கலாம் என்று லேக்வாட்டர் திட்டம் எழுதியிருந்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி நிலையங்கள் அதைச் செய்து முடித்தன. அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் காற்றாலைகள் இருந்த நெதர்லாந்தில் இன்று மிஞ்சியிருப்பவை ஆயிரத்துச் சொச்சம். கிண்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் 19 ஆலைகளை யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

சும்மா நிறுத்திவைத்து வெள்ளையடித்தால் ஆலை பிழைக்காது என்பதை டச்சுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஓடாத ஆலையில் மழை எப்போதும் ஒரே பக்கத்து மரத்தில் இறங்கும், அந்த இடம் உளுத்துப்போகும். பூச்சி ஏறும், அச்சு இறுகும், பற்கள் வளையும். வாரத்துக்கு ஒருமுறையாவது சுற்றினால்தான் எங்கே முனகுகிறது என்று கேட்கும். கேட்டால்தான் சரிசெய்ய முடியும். ஆனால் தொழில்முறை ஆலைக்காரர்கள் அருகிப்போயிருந்தார்கள். 1972இல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கான சங்கம் ஒன்று தொடங்கினார்கள். சாதாரண வேலையில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் ஒரு மூத்த ஆலைக்காரரிடம் போய்க் கற்று, தேர்வு எழுதி, ஆலையை ஓட்டும் தகுதி பெறுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது கட்டடத்தை அல்ல, இந்தக் கைத்தொழிலை. இது மிகச் சரி என்று நினைக்கிறேன். ஆலை ஒன்றின் பக்கத்தில் உயரமான கட்டடமோ மரமோ எழும்பிக் காற்றை மறிக்காதபடி விதிகளும் வைத்திருக்கிறார்கள். காற்றையும் சேர்த்துப் பாதுகாத்தால்தான் அது முழுப் பாதுகாப்பு.

காலையில் ஆலைக்காரர் முதலில் வானத்தைப் பார்ப்பார். தலையைக் காற்றுப் பக்கம் திருப்பிக் கட்டுவார். ஒரு இறக்கையைக் கீழே கொண்டுவந்து, அதன் சட்டத்தில் ஏணிபோல ஏறி, சுருட்டிய பாயை அவிழ்த்து விரிப்பார். அடுத்த இறக்கை, அதற்கடுத்தது. நான்கும் முடிந்ததும் கயிற்றை இழுத்து பிரேக்கை விடுவிப்பார். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு மேலே எங்கோ மரம் முனகும். அப்புறம் முழுக் கோபுரமும் மெல்ல அதிரத் தொடங்கும்.

வேலை முடிந்து நிறுத்தும்போதும் இறக்கைகளுக்கு ஒரு மொழி உண்டு. கூட்டல் குறி போல நின்றால் சீக்கிரமே ஓடும். பெருக்கல் குறி போல நின்றால் நீண்ட ஓய்வு. ஒரு இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தினால் வீட்டில் கல்யாணம், பிள்ளைப்பேறு, ஏதோ நல்ல செய்தி. உச்சியைத் தாண்டிச் சற்றே சரிந்து நின்றால் துக்கம்.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் நிலையத்திலிருந்து கிளம்பிய மலேசிய விமானம் உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் பெரும்பாலோர் நெதர்லாந்துக்காரர்கள். ஸ்கிப்போல் இருப்பது, லேக்வாட்டர் வற்றவைக்கக் கனவு கண்ட அந்த ஹார்லம் ஏரியின் அடிமண்ணில்தான். ஜூலை 23, உடல்கள் வந்து சேரத் தொடங்கிய நாள். அன்று தேசிய துக்கம். நாடு முழுக்கப் பல ஆலைகளில் பாய்களைச் சுருட்டி, இறக்கைகளை உச்சி தாண்டிச் சரித்து நிறுத்தியிருந்தார்கள்.